மலையிலிருந்து கல்லூரிக்கு: நீலகிரிப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

கோத்தகிரி வட்டாரத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவன் நான். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் எங்கள் பிள்ளைகள் பெட்டியும் பையுமாக மேட்டுப்பாளையம் பேருந்தில் ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தவர்கள் திரும்பிப் போகாமலேயே நின்றுவிட்டதையும் பார்த்திருக்கிறேன். அப்படி நின்றவர்களுள் பலர் நன்றாகப் படித்த பிள்ளைகள். துணி துவைத்துப் பழகாதது, கீழ்நாட்டு வெயில் தாங்காதது, மாதக் கடைசியில் கையில் காசு தீர்ந்துபோனது, அதை யாரிடம் சொல்வதென்று தெரியாதது ஆகிய சின்னச் சின்னக் காரணங்கள் ஒன்றாகத் திரண்டு அவர்களைப் பேருந்தேற்றி அனுப்பிவிட்டன.

பொதுத்தேர்வு முடிவதற்கும் கல்லூரி தொடங்குவதற்கும் இடையில் மூன்று மாதங்களுக்கு மேல் கிடைக்கின்றன. இதுவரை அப்பாவும் அம்மாவும் செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பிள்ளையின் கைக்கு மாற்றுவதற்கு அந்த மாதங்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. கீழே உள்ள படிகள் பெரும்பாலும் கால வரிசையில் அமைந்தவை.

முதல் படி: சான்றிதழ்களைப் பிள்ளையே வாங்கட்டும்

கல்லூரி வாழ்க்கையின் முதல் பாடம் வட்டாட்சியர் அலுவலகத்திலும் இ-சேவை மையத்திலும் தொடங்குகிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பிறப்பிடச் சான்றிதழ், குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகிய நான்கையும் மார்ச் மாதம் முடிவதற்குள் கையில் வைத்திருப்பது நல்லது. வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும் என்பதால், முந்தைய ஆண்டு தங்கைக்கு வாங்கியதைக் கொண்டு சமாளித்துவிடலாம் என்று இருந்துவிடக் கூடாது. மத்திய அரசின் கல்வி நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள், மாநில அரசின் சாதிச் சான்றிதழோடு, மத்திய அரசின் படிவத்தில் தனியாக ஓபிசி சான்றிதழும் வாங்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எனப் பழங்குடி மக்கள் பலர் வாழ்கின்றனர். பழங்குடியினர் சான்றிதழை வழங்கும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. நேரில் விசாரித்து வழங்கப்படுவதால் மற்றச் சான்றிதழ்களைவிடக் கூடுதல் நாள் பிடிக்கும். பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

பெயர்ப் பிழைதான் நான் கண்டவற்றுள் மிகுந்த அலைச்சலைத் தரும் சிக்கல். ஆதாரில் ஒரு தலைப்பெழுத்து, மதிப்பெண் பட்டியலில் இரண்டு, வங்கிப் புத்தகத்தில் தந்தையின் முழுப்பெயர் என்று மூன்று விதமாக இருக்கும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில், தாத்தா காலத்துத் தாள்களில் எழுதப்பட்ட பெயர் ஒன்றாகவும் இப்போதைய குடும்ப அட்டையில் உள்ள பெயர் வேறாகவும் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எல்லா ஆவணங்களையும் மேசைமேல் பரப்பி, பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். தவறு தென்பட்டால் மதிப்பெண் பட்டியலை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவது எளிது.

இந்த அலுவலகங்களுக்கு நீங்கள் உடன் செல்லலாம்; ஆனால் சன்னலின் முன் நின்று பேசுவது பிள்ளையாக இருக்கட்டும். நாளை கல்லூரி அலுவலகத்தில் கட்டண ரசீது கேட்டு நிற்கப்போவதும் அதே பிள்ளைதான். எல்லாச் சான்றிதழ்களையும் ஒளிநகல் எடுத்து மூன்று தொகுதிகளாக வைத்துக்கொள்ளுங்கள். அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் கணக்குத் தொடங்கிவிடுங்கள். சேர்க்கையின்போது மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்த பின் கல்லூரி திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டு அறிவித்திருக்கிறது. ஆகவே எதை ஒப்படைத்தாலும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கப் பிள்ளையைப் பழக்குங்கள்.

இரண்டாம் படி: விண்ணப்பமும் கலந்தாய்வும்

பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு முழுக்க இணையவழியிலேயே நடக்கிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை அமைகிறது. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் இணையத்தில் பொது விண்ணப்பம் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. தகுதியிருந்தும் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் குறிக்க மறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. கலந்தாய்வு நடக்கும் மாதங்கள் தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களும்கூட. மரம் விழுந்து மின்சாரம் போகும். கைபேசிக் கோபுரத்தின் மின்கலம் தீர்ந்து சிக்னலும் போகும். ஒதுக்கீட்டை ஏற்கிறோமா, ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்குக் காத்திருக்கிறோமா, மறுக்கிறோமா என்று குறுகிய கெடுவுக்குள் பதில் பதிய வேண்டும். கீழ்க்கோத்தகிரிப் பக்கத்து மாணவன் ஒருவன் அந்த இரண்டு நாளும் சிக்னல் இல்லாமல், நனைந்துகொண்டே மேட்டுக்கு ஏறி ஓடிபி எனும் ஒருமுறைக் கடவுச்சொல்லுக்குக் காத்திருந்து, கடைசியில் கெடு தவறி விரும்பிய இடத்தை இழந்தான். அதிலிருந்து என் மாணவர்களிடம் நான் வற்புறுத்திச் சொன்னது இதுதான்: கலந்தாய்வு நாள்களில் நகரத்திலோ கீழே கோவையிலோ உள்ள உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள், இல்லையேல் மாவட்டத்திலுள்ள சேர்க்கை உதவி மையத்துக்கு முதல் நாளே போய்விடுங்கள். பதிவுசெய்யும் கைபேசி எண், கல்லூரியில் சேர்ந்த பிறகும் பிள்ளையின் கையிலேயே இருக்கப்போகும் எண்ணாக இருக்க வேண்டும். அடுத்த வீட்டு அண்ணனின் எண்ணையோ கணினி மையத்தாரின் எண்ணையோ கொடுக்காதீர்கள்.

கீழே இறங்கித்தான் படிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஊட்டியில், அன்றைய கோவை ஆட்சியர் ஜான் சலிவன் கட்டிய கல் பங்களாவில் 1955-ஆம் ஆண்டு முதல் இயங்கும் அரசு கலைக் கல்லூரியும், கூடலூரில் உள்ள அரசு கலை அறிவியல் கல்லூரியும் பல குடும்பப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கியிருக்கின்றன. வீட்டில் நோயாளி இருக்கும் பிள்ளை, மனத்தளவில் இன்னும் ஓராண்டு நிதானப்பட வேண்டிய பிள்ளை, பட்டமேற்படிப்பைப் பின்னர் வெளியூரில் படிக்கத் திட்டமிடும் பிள்ளை ஆகியோருக்கு இவை நல்ல தேர்வு. பக்கத்து வீட்டுப் பிள்ளை கோவைக்குப் போகிறது என்பது ஒரு காரணமாகக் கூடாது.

மூன்றாம் படி: பணத்தை வெளிப்படையாகப் பேசுதல்

எந்தத் தாய்தந்தையும் பிள்ளையிடம் பணக் கஷ்டத்தைச் சொல்ல விரும்புவதில்லை. சொல்லாமல் விடுவதால் வரும் கேட்டை நான் பார்த்திருக்கிறேன். சிறு தேயிலை விவசாயிகளின் குடும்பங்களுக்குப் பச்சைத் தேயிலைக்கான பணம் தொழிற்சாலையிலிருந்து மாதக் கணக்கில் வருகிறது. விலையோ மாதத்துக்கு மாதம் மாறுகிறது. பனி விழும் மாதங்களில் கொழுந்தே குறைந்துவிடுகிறது. விடுதிக் கட்டணமும் பருவக் கட்டணமும் இந்த ஓட்டத்தைப் பார்த்து வருவதில்லை. எந்த மாதம் வீட்டில் பணம் வரும், எந்த மாதம் வராது என்ற உண்மையைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதி ஒரு தாளில் வையுங்கள். டிசம்பர், ஜனவரிப் பனிக்கு முன்பே இரண்டாம் பருவக் கட்டணத்துக்கு ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே விளங்கும்.

கல்விக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விடுதி முன்பணம், உணவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், சீருடை அல்லது ஆய்வக அங்கி, புத்தகம், கைபேசி ரீசார்ஜ், ஊருக்கு வந்துபோகும் பேருந்துச் செலவு ஆகியவற்றை மூத்த மாணவர் ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சேர்க்கை அலுவலகம் தரும் தாளில் இவற்றுள் பாதி இருக்காது.

உதவித் திட்டங்களைப் பொறுத்தவரை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்களாகும்; அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கும் இவை பொருந்தும். 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்ந்தோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளின் விடுதிகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. 2025 முதல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். தனியார் விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் அங்கே இடம் உண்டா என்று விசாரித்துவிடுங்கள்.

இந்த உதவித்தொகைகள் ஆதார் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்கே வரும். பள்ளியில் தொடங்கிய பழைய கணக்கு செயலற்றுக் கிடக்கலாம். ஆதார் வேறொரு வங்கியில் இணைந்திருக்கலாம். வங்கிக்கு நேரில் போய் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று உறுதிசெய்துகொள்வதும், கல்லூரி தரும் யூமிஸ் எண்ணை (உயர்கல்வி மாணவர்களுக்கான அரசுப் பதிவு எண்) குறித்துவைப்பதும் பிள்ளையின் பொறுப்பு. கல்விக் கடன் வேண்டுமென்றால் வித்யாலட்சுமி இணையதளத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரையான கடனுக்கு விளிம்புத் தொகை, அதாவது நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, கேட்பதில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடும்போது, படிப்பு முடிந்த பிறகு மாதத் தவணை எவ்வளவு வரும் என்பதைப் பிள்ளையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: வீட்டிலேயே பயிற்சி

இதுவே மிக முக்கியமான படி என்பது என் கருத்து. ஏப்ரல், மே மாதங்களில் வாரத்துக்கு ஒரு வேலையாக ஒப்படையுங்கள். முதல் வாரம் தன் துணியைத் தானே துவைப்பது. மழையில் துணி காயாத ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு எப்போது துவைத்து எங்கே உலர்த்துவது என்ற கணக்குப் புதிதாக இருக்கும். இரண்டாம் வாரம் சோறு வடித்து ஒரு குழம்பு வைப்பது. மூன்றாம் வாரம் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் என்ன செய்வது, உப்புச் சர்க்கரைக் கரைசல் எப்படிக் கலப்பது, எப்போது மருத்துவமனைக்குப் போயே தீர வேண்டும் என்று அறிவது. நான்காம் வாரம் வீட்டின் ஒரு வாரச் செலவு முழுவதையும் பிள்ளையிடம் கொடுத்து நடத்தச் சொல்வது. பணம் வியாழக்கிழமையே தீர்ந்துபோனால் நல்லது. அந்தத் தவறு உங்கள் கூரையின் கீழ் நடந்துவிட்டது. ஆண் பிள்ளைகளுக்கு இவற்றில் விலக்கு அளிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. விடுதிச் சோறு பிடிக்காமல் கடைச் சோற்றில் காசையும் உடம்பையும் கெடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் அந்தப் பையன்களே.

மே மாதத்தில் ஒரு நாள் பிள்ளையைத் தனியாக, சேர விரும்பும் கல்லூரி வரை போய்வரச் சொல்லுங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். அங்கிருந்து கோவை மேலும் 35 கிலோமீட்டர். ஊட்டிப் பேருந்துகள் கோவையில் மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில் நிற்கும். திருச்சி, மதுரைப் பக்கம் போகிறவர்கள் சிங்காநல்லூர் நிலையத்துக்கு மாற வேண்டும். சென்னைக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரசுக்கு முன்பதிவு செய்யப் பழக வேண்டும். இவற்றைச் சொல்லிக்கொடுப்பதைவிட ஒருமுறை போய்வருவது மேல். அன்றைக்கு நீங்கள் மணிக்கொரு முறை அழைக்காதிருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதி.

ஐந்தாம் படி: வெயிலுக்கு உடம்பை ஆயத்தப்படுத்துதல்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவை 400 மீட்டரை ஒட்டியது. மின்விசிறியே இல்லாத வீட்டில் கம்பளி போர்த்தித் தூங்கிய பிள்ளை, நால்வர் தங்கும் அறையில் ஒரு மின்விசிறியின் கீழ் வியர்த்துக்கொண்டு படுக்கும்போது முதல் இரண்டு வாரங்கள் தூக்கம் வராது. தலைவலி, வியர்க்குரு, களைப்பு எல்லாம் வரும். இது நோயன்று, உடம்பு பழகச் சில வாரங்கள் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பயம் பாதியாகும். மலையில் தாகம் எடுக்காமலே நாள் கழிவதால் நம் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் வழக்கம் இல்லாதவர்கள். தாகத்துக்குக் காத்திராமல் ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். கல்லூரி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே கீழே உறவினர் வீட்டில் தங்க முடிந்தால் பெரும் உதவி. கொசுவலை கட்டாயம் வேண்டும். குளிரால் கொசுத் தொல்லை குறைந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு டெங்கு என்பது செய்தித்தாளில் படித்த சொல்லாக மட்டுமே இருக்கும்.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பருத்தித் துணிகள், இரண்டு படுக்கை விரிப்பு, வாளி, பூட்டு, வழக்கமான மருந்துகள், சான்றிதழ் நகல்கள், ஒரு நோட்டு ஆகியவை போதும். ஒரு ஸ்வெட்டர் வைத்துவிடுங்கள், மழைக்காலத்தில் ஊர் திரும்பும்போது குன்னூரைத் தாண்டியதும் தேவைப்படும். மற்றவற்றை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

ஆறாம் படி: வகுப்பறைக்கு ஆயத்தம்

வீட்டில் படுகர் மொழியான படுகு பேசி, பள்ளியில் தமிழில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தில் பாடம் கேட்கும் பிள்ளைக்கு அது மூன்றாவது மொழி. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் மலையாளமோ கன்னடமோ வீட்டு மொழியாக இருக்கும். பேச்சில் வரும் மலைச் சாயலைக் கேட்டுச் சக மாணவர்கள் சிரித்ததாகவும், அதற்குப் பிறகு வகுப்பில் வாய் திறக்கவில்லை என்றும் என் பழைய மாணவி ஒருத்தி சொன்னது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. மூன்று மொழி அறிந்த பிள்ளை எந்த வகையிலும் குறைந்ததன்று என்பதை அது வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே அதற்கு உணர்த்துங்கள். விடுமுறையில், சேரப்போகும் பாடத்தின் கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையாக ஒரு நோட்டில் எழுதிவரச் செய்யுங்கள். பன்னிரண்டாம் வகுப்பின் இயற்பியல், வேதியியல், கணக்குப் புத்தகங்களின் ஆங்கிலவழிப் பதிப்பை வாங்கி, ஏற்கெனவே தமிழில் புரிந்த பாடங்களை மீண்டும் படிப்பது நான் கண்ட மிகச் சிறந்த வழி. பொருள் தெரிந்திருப்பதால் மொழி மட்டுமே புதிது.

பருவ முறையின் இயக்கத்தையும் முன்பே விளக்கிவிட வேண்டும். பள்ளியில் ஆண்டு இறுதித் தேர்வே எல்லாவற்றையும் தீர்மானித்தது. கல்லூரியில் முதல் மாதத்து உள்மதிப்பீட்டுத் தேர்வே கணக்கில் சேர்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி எழுத்துத் தேர்வுப் பாடங்களில் 40 மதிப்பெண் உள்மதிப்பீடு, 60 மதிப்பெண் பருவத் தேர்வு. வருகைப்பதிவு பொதுவாக 75 விழுக்காடு இருக்க வேண்டும். வாரக் கடைசி தோறும் வெள்ளிக்கிழமை மதிய வகுப்பை விட்டு மலையேறுகிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு பருவ முடிவில்தான் உறைக்கும்.

ஏழாம் படி: முதல் ஆறு வாரங்கள்

பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பியதும் பெற்றோரின் பங்கு முடிவதில்லை. அதன் வடிவம் மாறுகிறது. தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பத்து நிமிடம் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சாப்பிட்டாயா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘இன்றைக்கு யாரோடு சேர்ந்து சாப்பிட்டாய்?’ என்று கேளுங்கள். முதல் மாதம் முழுவதும் தனியாகவே சாப்பிட்டதாகப் பதில் வந்தால், அது கவனிக்க வேண்டிய செய்தி. அழுகையோடு வரும் முதல் அழைப்புக்கே ‘கிளம்பி வந்துவிடு’ என்று சொல்லிவிடாதீர்கள்; ‘சரிக்கட்டிக்கொள்’ என்று வைத்தும் விடாதீர்கள். முழுவதும் கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே போய்ப் பாருங்கள். முதல் வருகைக்காகப் பிள்ளை ஊருக்கு வருவதைவிட நீங்கள் அங்கே போவது நல்லது. அறையை, சாப்பாட்டுக் கூடத்தை, நண்பர்களை நேரில் பார்த்துவிடலாம், பிள்ளைக்கும் வேர் அறுபடாது.

ராகிங் பற்றித் தயங்காமல் பேசுங்கள். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டிலேயே அதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ஒழுங்குமுறைப்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும். புகார் சொல்வதற்கான கட்டணமில்லாத் தேசிய எண் 1800-180-5522. இதைக் கைபேசியில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். சாதியைக் கேட்பதும், மலைச்சாதி என்று கேலி பேசுவதும் விளையாட்டில் சேராது. அவை புகாருக்குரிய குற்றங்கள். தூக்கமின்மை, பசியின்மை, யாரோடும் பேசப் பிடிக்காமை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் கல்லூரி மனநல ஆலோசகரையோ, 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணையோ நாட வேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது போலத்தான் இதுவும்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரியும். விடுமுறை கிடைத்த உற்சாகத்தில் இரவுப் பேருந்தில் ஏறிவிடாமல், பாதை திறந்திருக்கிறதா என்று வீட்டைக் கேட்டுவிட்டுக் கிளம்புவதும், மேட்டுப்பாளையத்தில் சிக்கினால் தங்க ஒரு வீட்டை முன்பே சொல்லிவைப்பதும் நம் பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய பாடம்.

முதல் பருவத் தேர்வில் ஒரு பாடம் அரியர் விழுந்தால் வீடு இடிந்துபோனதுபோல் இருக்காதீர்கள். எந்தப் பாடம், உள்மதிப்பெண் எவ்வளவு, மறுகூட்டலுக்கோ விடைத்தாள் நகலுக்கோ விண்ணப்பிக்கும் கெடு எது, அடுத்த தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்ற நான்கையும் பிள்ளையே விசாரித்து ஒரு தாளில் எழுதி வரட்டும். அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுங்கள்.